காய்க்காதது

காலை ஆறு நாற்பது. எட்டு மணிக்கு டிராக்டர் வந்துவிடும். அதற்குள் முப்பது எண்ணெய்ப்பனைக் குலையாவது சாலையோரம் சேர வேண்டும். உளியை எடுக்கச் சமையலறைக்குள் வந்த மூத்த மருமகள் வாசல்படியிலேயே நின்றாள்.

அடுப்பு மேடையில் ஈரம் படாத மூலையில் அரசு ஊக்கத்தொகைக்கான விண்ணப்பம் ஒன்று விரிந்து கிடந்தது. கொழுந்தன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். 'விவசாயியின் பெயர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதி, இரண்டாம் முறை பேனாவால் அழுத்தித் தடிமனாக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, உங்களையும் எழுதியிருக்கேன். பாத்துக்கங்க."

அவள் பார்த்தாள். கீழே 'உதவியாள் பெயர்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் 'அண்ணி' என்று இருந்தது.

"இது பேரு இல்லையே தம்பி."

"எனக்கு இருக்கிறது ஒரே அண்ணி. ரெண்டு மூணு இருந்தாத்தானே பேரு போட்டுப் பிரிக்கணும்?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். மாமியாரும் சிரித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓரகத்தி சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா தோட்டத்துல நிக்கிறது நான்."

"யாரு இல்லைன்னா? அதான் உதவின்னு போட்டிருக்கேனே."

"விவசாயின்னு போடுங்க. உங்க பேருக்குப் பக்கத்துல போட்டாக்கூடப் போதும்."

அவன் பேனாவை மூடினான். பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

"ஒரு புள்ளையப் பெத்திருந்தா அதுக்காகவாவது எழுதலாம். நாளைக்கு நீ உன் பொறந்த வீட்டுக்குக் கிளம்பினா தோட்டமும் கூடவே கிளம்பும். காய்க்காத மரத்துக்கு வேலி எதுக்கு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரகத்தி அதை நிறுத்தினாள். மூத்தவள் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த உளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆள் உயரக் கம்பி. முனையில் உள்ளங்கை அகல இரும்பு. அன்று முப்பத்தொன்று வெட்டினாள்.

*

முந்நூறு எண்ணெய்ப்பனைகள். கன்று நட்ட இரண்டாம் ஆண்டு அவள் கணவன் லாரியில் அடிபட்டுச் செத்தான். அப்போது மரங்கள் அவள் இடுப்பளவு இருந்தன. கொழுந்தன் நகரத்தில் செல்போன் கடையில் வேலை செய்தான். சாவுக்கு வந்தவன் தோட்டத்தை வரப்பிலிருந்து பார்த்தான். "முள்ளு. பாம்பு வேற இருக்கும். இதை யாரு கட்டி மாரடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டான்.

அவள் மாரடித்தாள்.

அவள் மட்டும் இல்லை. அந்த ஊரில் ஆண்கள் சம்பளம் தேடி வெளியே போயிருந்தார்கள். தோட்டங்களில் பெண்கள் இருந்தார்கள். பனை எண்ணெய் ஆலையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருத்தி வருவாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள். அதனால் பூட்ஸ்காரி. அவள் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. நாலைந்து விஷயம்தான். தரையில் பத்து பழம் உதிர்ந்து கிடந்தால்தான் குலையில் கை வைக்க வேண்டும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் எண்ணெய் புளித்துவிடும்.

பிறகு பூ. ஒரே மரத்தில் இரண்டும் வரும். பெண் பூ கெட்டியாக, முள்ளோடு, மட்டையிடுக்கில் உட்கார்ந்திருக்கும். ஆண் பூ விரல் விரலாகப் பிரிந்து நிற்கும். விரிந்தால் சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குச் சின்ன வண்டுகள் வரும். அங்கேயே முட்டையிடும், அங்கேயே பெருகும். மகரந்தத்தைச் சுமந்துபோய்ப் பெண் பூவில் விடும்.

"ஆண் பூ காய்க்காது. ஆனா அது இல்லைன்னா எதுவும் காய்க்காது. இதை மட்டும் மறந்துடாதீங்க" என்பாள் பூட்ஸ்காரி.

பெண்கள் சிரிப்பார்கள். "எங்க வீட்லயும் அதே கதைதான் மேடம். ஒரு வேலையும் செய்யாது. ஆனா இல்லைன்னா ஊரு விடாது" என்று ஆற்றங்கரைத் தோட்டத்துக்காரி ஒருமுறை சொன்னாள். பூட்ஸ்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிறகு அறிவிப்பு வந்தது. பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் ஊற்றும் டீசலில் ஒரு பங்கு பனை எண்ணெயிலிருந்து வர வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. ஆலையில் பயோடீசலுக்கென்று இரண்டு புதுத் தொட்டிகள் எழுந்தன. அவற்றை நிரப்பக் குலை வேண்டும். குலை வர விவசாயிக்கு ஊக்கத்தொகை. அது குலைக்கு இவ்வளவு என்று வரவில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று வந்தது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், பெயர் பதிவாகியிருந்தால் போதும். தோட்டம் 'நன்கு பராமரிக்கப்பட்டதாக' இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஊக்கத்தொகைக்கு நிதி போதாததால் பயிற்சிப் பிரிவை மூடினார்கள். பூட்ஸ்காரியை எங்கோ மாற்றினார்கள்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். செல்போன் கடையிலிருந்து, கட்டட வேலையிலிருந்து, காவலாளி வேலையிலிருந்து. ஒரே மாதத்தில் ஊரில் விவசாயிகள் நாற்பது பேர் ஆனார்கள். உளி பிடிக்கும் கைகள் பழைய கைகளாகவே இருந்தன.

நிலம் மாமனார் பெயரில் இருந்தது. அவர் உயிரோடில்லை. மாமியார் மூத்த மகனின் பங்கையும் சேர்த்து இளையவனுக்குக் கைநாட்டு வைத்தாள்.

*

விண்ணப்பம் போட்ட மறுவாரம் கொழுந்தன் முதல்முறையாகத் தோட்டத்துக்குள் வந்தான். வெள்ளைச் சட்டை, ஷூ. ஒரு மட்டையின் முள் சட்டையைப் பிடித்தது. கெட்ட வார்த்தை சொல்லி விடுவித்துக்கொண்டான். பராமரிப்பைப் பார்வையிட அரசு ஆள் வருவதற்குள் தோட்டம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றான்.

பத்து மரம் பார்த்தான். பதினோராவது மரத்தில் நிமிர்ந்தான்.

"அண்ணி, இது என்ன? பழைய துடைப்பத்தைச் செருகி வெச்ச மாதிரி?"

மட்டையிடுக்கில் ஆண் பூ காய்ந்துகொண்டிருந்தது. பழுப்பு விரல்கள். பக்கத்தில் இன்னொன்று அப்போதுதான் விரிந்து மஞ்சளாகப் பொடி உதிர்த்துக்கொண்டிருந்தது.

"பூ."

"இது காயாகுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு நிக்குது? சத்தை உறிஞ்சறதுக்கா? எல்லாத்தையும் வெட்டிடுங்க. தோட்டமே குப்பை மாதிரி தெரியுது."

அவள் உளியைத் தரையில் ஊன்றினாள்.

"தம்பி, அது ஆண் பூ. அதை வெட்டினா..."

"அண்ணி." அவன் கையை உயர்த்தினான். "ஒரு விஷயம் சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. உதவி உதவியா இருக்கணும். விவசாயி நானா, நீங்களா?"

அவள் அவனைப் பார்த்தாள். ஊன்றிய உளியை உருவினாள்.

"நீங்கதான்."

"அப்ப நான் சொன்னதைச் செய்யுங்க. காய்க்காதது எதுவும் இந்தத் தோட்டத்துல நிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான். அவளைப் பார்க்காமல் சட்டையில் ஒட்டியிருந்த மகரந்தத்தைத் தட்டினான்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான்."

"இனிமே வர்றதையும்?"

"பார்வைக்கு வந்துட்டுப் போற வரைக்கும் எதுவும் கண்ணுல படக் கூடாது. பத்து நாளைக்கு ஒரு தடவை குலை வெட்டப் போறீங்கள்ல? அப்பவே இதையும் வெட்டிடுங்க."

அவள் தலையசைத்தாள்.

முதல் பூவை அவனுக்கு எதிரிலேயே வெட்டினாள். ஒரே குத்து. பூ காலடியில் விழுந்தது. வண்டுகள் சிதறி அவள் முழங்கையில் ஏறின. எள்ளைவிடச் சின்ன வண்டுகள். அவற்றைத் தட்டிவிடவில்லை. போகட்டும் என்று நின்றாள். போக்கிடம் இல்லாமல் அவை வெகுநேரம் ஊர்ந்தன.

முந்நூறு மரத்திலும் வெட்டினாள். மூன்று நாள் ஆனது. ஒன்றைக்கூட விடவில்லை. மட்டைக்குள் மறைந்திருந்ததையும் தேடி வெட்டினாள். ஆறு வருடத்தில் இவ்வளவு கவனமாக எந்த வேலையையும் செய்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது. வெட்டியதைக் குவித்து எரித்தாள். புகையில் சோம்பு மணத்தது.

மரம் செத்துப்போகாது என்று அவளுக்குத் தெரியும். வெட்டுவதை நிறுத்தினால் மறுபடி பூக்கும். நடுவில் சில மாதம் பட்டினி கிடக்கும். கிடக்கட்டும். அவள் ஆறு வருடம் கிடந்தாள்.

*

பார்வைக்கு வர வேண்டியவர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் புதிதாக வந்ததை வெட்டினாள்.

நாலாவது சுற்றில் ஓரகத்தி சோற்றுத் தூக்கோடு வந்தாள். மரத்தடியில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, இங்க எப்பவும் சோம்பு வாசனை அடிக்குமே?"

"இனிமே அடிக்காது."

"வண்டையும் காணோம்."

"ஆமா."

ஓரகத்தி தரையில் கிடந்த பூவைப் பார்த்தாள். தலைக்கு மேலே இருந்த பெண் பூவைப் பார்த்தாள். அவள் தோட்ட வேலை தெரியாதவள். ஆனால் இரண்டு பெற்றவள்.

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்ல வாயெடுத்தேன். உதவி உதவியா இருக்கணும்னாரு."

ஓரகத்தி தூக்கை மரத்தடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "என்னை ரெண்டாவது உதவின்னு எழுதியிருக்காரு. பேரு இல்ல. 'மனைவி'ன்னு."

உளியைக் கேட்டு வாங்கினாள். வாய்க்கால் கல்லில் முனையைத் தீட்டினாள். நகத்தில் வைத்துக் கூர்மை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மழுங்கிப்போச்சு அக்கா. அதான் பார்த்தேன்."

மூன்றாம் மாதம் ஒருவர் வந்தார். காரை விட்டு இறங்கியவர் சாலையைத் தாண்டவில்லை. செல்போனை உயர்த்தி நாலு படம் எடுத்தார். மரங்கள் சவரம் செய்த முகம்போல் இருந்தன. "ரொம்பச் சுத்தம்! இப்படி ஒரு தோட்டத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். அது உண்மை. யாரும் பார்த்திருக்க முடியாது.

பத்து நாளில் பலகை வந்தது. பச்சை நிறம். 'முன்மாதிரித் தோட்டம்.' கீழே கொழுந்தனின் பெயர். பலகை நிற்கும்வரை வெட்டுவதை நிறுத்தக் கூடாது என்று அண்ணியிடம் சொன்னான். மற்ற விவசாயிகளும் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பத்தொன்பது பேரும் வந்து பார்த்தார்கள். கொழுந்தன் மரத்தைத் தட்டிக் காட்டி விளக்கினான்.

"சத்தை உறிஞ்சறதை விடக் கூடாதுங்க. அதான் ரகசியம்."

மறுநாள் டிராக்டர் நிற்கும் இடத்தில் பெண்கள் குலையோடு காத்திருந்தார்கள். ஆற்றங்கரைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு விவசாயி துடைப்பத்தையெல்லாம் வெட்டச் சொல்லிட்டாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். உங்க தோட்டத்தைப் பாத்துட்டு வந்த ஜோரு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். செருப்பாலடிப்பேன்னாரு." அவள் புடவை முனையால் கழுத்தைத் துடைத்தாள். "நாலு வருஷம் காவலாளி வேலை பாத்தவரு. வெளிய எந்தக் கதவை மூடணும், எதைத் திறக்கணும்னு தெரியும். வீட்ல என் வாயை மட்டும்தான் மூடத் தெரியுது."

"என்ன பண்ணப் போற?"

"மூடிட்டேன்."

அடுத்தவள் சொன்னாள்: "எங்க வீட்லயும்." அதற்கடுத்தவளும் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு வரிசையில் போனது. டிராக்டர்காரர் இறங்கிக் கேட்டார்.

"என்னக்கா, காலையிலயே?"

"ஒண்ணுமில்ல தம்பி. வீட்டுக்கு வீடு விவசாயி ஆயிட்டாங்க. அந்தச் சந்தோஷம்."

*

பூ குலையாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை பழைய குலைகள் வந்தன. ஊக்கத்தொகையும் வந்தது. கொழுந்தன் பைக் வாங்கினான். சாயங்காலங்களில் பலகைக்கு முன்னால் நிறுத்தித் துடைத்தான்.

பிறகு குலைகள் கறுத்தன. பழம் விம்மவில்லை. முள் மட்டும் நீண்டது. சில குலைகள் மரத்திலேயே அழுகின. மூத்தவள் அவற்றையும் வெட்டிச் சாலையோரம் சேர்த்தாள். டிராக்டர்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் தூக்க முடிந்தது.

"என்னக்கா இது? பஞ்சு மாதிரி இருக்கு."

"விவசாயியக் கேளு."

முதலில் டிராக்டர் பாதி நிறைந்து போனது. பிறகு மூன்று தோட்டத்துக்கு ஒரு நடை என்றானது. பிறகு எட்டு மணிக்கு அதன் சத்தம் கேட்பது நின்றது. ஆலையின் புகைபோக்கியில் புகை இல்லை. பயோடீசல் ஏற்ற வந்த லாரிகள் ஆலை வாசலில் ஒரு வாரம் நின்றுவிட்டுக் காலியாகத் திரும்பின.

கொழுந்தன் உரக்கடைக்காரனோடு சண்டை போட்டான். மாமியார் வானத்தைத் திட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் மூத்தவளைப் பார்த்து, "தோட்டத்துல நிக்கிறவ ராசி அப்படி" என்றாள்.

"தோட்டத்துல நிக்கிறது விவசாயி" என்றாள் மூத்தவள். "நான் உதவி." தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

*

அதிகாரி ஒருவர் வருவதாகவும், பதிவான விவசாயிகள் எல்லோரும் முன்மாதிரித் தோட்டத்தில் கூட வேண்டும் என்றும் தகவல் வந்தது. நாற்பது பேரும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே பெண்களும் வந்தார்கள். வரப்பில் நின்றார்கள்.

ஜீப்பிலிருந்து முதலில் ஒரு ரப்பர் பூட்ஸ் இறங்கியது.

பூட்ஸ்காரிக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. பதவி உயர்ந்திருந்தது. அவளோடு ஆலை மேலாளரும் இறங்கினார். பூட்ஸ்காரி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகத் தோட்டத்துக்குள் போனாள். ஒரு மரத்தடியில் நின்றாள். அடுத்த மரத்தடியில் நின்றாள். கறுத்த குலை ஒன்றைக் கையில் எடுத்துக் கத்தியால் பிளந்தாள். உள்ளே சக்கை.

"இருபது நாளா கொதிகலன் ஆறிக் கிடக்கு" என்றார் மேலாளர். "பதிவுல ஏக்கர் ரெண்டு மடங்கு. வர்ற குலை கால்வாசிகூட இல்லை. காகிதத்தைப் பிழிஞ்சா எண்ணெய் வருமா?"

"மழை சரியில்லைங்க" என்றார் ஒருவர்.

"உரம் கலப்படம்" என்றான் கொழுந்தன்.

பூட்ஸ்காரி பலகையைப் படித்தாள். "இது நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"ஆண் பூ எங்க?"

"பூவெல்லாம் இருக்குதுங்க."

"காட்டுங்க."

அவன் நிமிர்ந்து நடந்தான். ஒரு மரம், இரண்டு மரம். ஏழாவது மரத்தில் விரலை நீட்டினான். அது பெண் பூ. வரப்பில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் அதைக் கேட்டான். முகம் சிவந்தது.

"அதையெல்லாம் அண்ணிதான் வெட்டினாங்க மேடம். அவங்களைக் கேளுங்க."

பூட்ஸ்காரி வரப்பைப் பார்த்தாள். ஆள் அடையாளம் தெரிந்தது. கிட்டே வந்தாள்.

"நீங்களா வெட்டினீங்க?"

"நான்தான்."

"அது என்ன பூன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"தெரிஞ்சுமா?"

"நான் உதவிங்க மேடம். விண்ணப்பத்துல இருக்கு. விவசாயி சொன்னா செய்யணும்."

பூட்ஸ்காரி பக்கத்தில் நின்ற ஆற்றங்கரைக்காரியைப் பார்த்தாள்.

"நானும் உதவிதாங்க."

"நானும்" என்றது ஒரு குரல். "நானும்" என்றது இன்னொன்று. கடைசியில் ஓரகத்தி சொன்னாள்: "நான் ரெண்டாவது உதவி."

கொழுந்தன் ஓரகத்தியை முறைத்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மூத்தவள் உளியைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் ஊன்றினாள்.

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். பூட்ஸ்காரி அவரைக் கையமர்த்தினாள். ஜீப்பிலிருந்து பதிவேட்டை எடுத்துவரச் சொன்னாள். நாற்பது பெயரும் இருந்த பக்கத்தைத் திறந்து பேனாவை உருவினாள்.

"பதிவுல இருக்கிற விவசாயிதான் இதுக்குப் பதில் சொல்லணும். குத்தம் வந்தாலும் அவர் பேருலதான் வரும்."

வெள்ளைச் சட்டைகளில் ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் நகர்ந்தது. இன்னொன்று சாலையைப் பார்த்தது. கொழுந்தன் பலகைக்கு முன்னால் நின்றிருந்தான். ஒரு அடி தள்ளி நின்றான்.

பூட்ஸ்காரி காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"சொல்லுங்க, இங்க விவசாயி யாரு?"